எட்டாம் பெட்டிக் குழந்தைக்கு

மார்ச் 4, செவ்வாய்

இன்றைய பிழை: எட்டாம் பெட்டிக் குழந்தையின் அம்மா, ஒரு நாளில் எத்தனை தடவை பால் எடுக்க வேண்டும் என்று கேட்டார். நாலு என்று சொல்லிவிட்டேன். எட்டு என்பதுதான் சரி. நாளை திருத்திச் சொல்ல வேண்டும்.

மாலை வகுப்பில் கட்டிட வரைபடம் சொல்லித்தரும் ஆசிரியர் முதல் நாளே எல்லாரையும் ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். முதல் வரியில் அன்றைய பிழை. கடைசி வரியில் மறுநாள் வேலை. நடுவில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். பிழையை அன்றைக்கே எழுதாவிட்டால் அதன் மேல் சுவர் எழும்பிவிடும் என்பார். பகலில் நான் மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் லென்ஸ் தேய்க்கிறவள். வலது கண்ணும் இடது கண்ணும் மாறிப்போனால் ஒரு மனிதர் படியில் தடுக்கி விழுவார் என்று தெரிந்தவள். ஆகவே இந்தப் பழக்கம் எனக்குப் பொருந்திப்போனது.

பிப்ரவரி 10 முதல் மார்ச் 3 வரை நோட்டில் ஒன்றும் இல்லை. பத்தாம் தேதி மகன் பிறந்தான், இருபத்தேழு வாரத்தில். பத்தொன்பதாம் தேதி போய்விட்டான். அந்த ஒன்பது நாளும் பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஏழாம் எண் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். அங்கே அம்மாக்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, பெட்டி எண்தான். நான் ‘ஏழு’. அவன் மூக்குக் குழாய் வழியாகக் குடித்தது ஒன்பது நாளில் மொத்தம் அறுபத்திரண்டு மில்லி. கூட்டிப் பார்த்தேன். இரண்டு முறை.

அடக்கம் முடிந்தும் பால் நிற்கவில்லை. மூன்றாம் நாள் சிஸ்டரிடம் போய், வேறு குழந்தைக்கு ஆகுமா என்று கேட்டேன். இரத்தம் சோதித்தார்கள். பால் அறையில் சூடுபடுத்திக் கொடுக்கலாம் என்றார்கள். வீட்டுக்கு வந்து இவரிடம், என் கணவரிடம், “ஆண்டவர் குடுத்ததைச் சாக்கடையில ஊத்த வேண்டாங்க” என்றேன். சொல்லும்போது குரல் திடமாக இருந்தது. உள்ளே அப்படி இல்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

பால் இப்போது எட்டாம் பெட்டிக்குப் போகிறது. பெண் குழந்தை, ஒரு கிலோவுக்குச் சற்று மேல். அதன் அம்மா பஸ் கண்டக்டர். பிரசவத்தில் இரத்தக் கொதிப்பு ஏறி பன்னிரண்டு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தவர். எழுந்து வந்து பார்க்கும்போது மார்பில் ஒன்றும் இல்லை. பிரிவில் பன்னிரண்டு குழந்தைகள், இரண்டு சிஸ்டர்கள். “நீங்க ஒரு தடவை காட்டிக் குடுத்துடுங்களேன், உங்களுக்குத்தான் நல்லா வருதே” என்று சிஸ்டர் என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

கண்டக்டர் அக்கா கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினார். அடியில் ஈரம் மட்டும் இருந்தது.

“அம்பது பேர் ஏத்துற வண்டியில தொண்ணூறு பேரை ஏத்தி இறக்கியிருக்கேன் தங்கச்சி. இதுல ஒரு கரண்டியை இறக்க முடியல பாரு” என்றார். பிறகு, “ஒரு நாளைக்கு எத்தனை டிரிப் அடிக்கணும்?” என்று கேட்டார்.

“நாலு” என்றேன்.

“நாலுதானா? அப்ப இது டவுன் பஸ் இல்ல, தூரத்து வண்டி.”

நாளைய வேலை: எட்டு என்று சொல்ல வேண்டும்.

மார்ச் 5, புதன்

பிழை: சொல்லவில்லை.

காலையில் பாட்டில்களோடு போனபோது அவர் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை என்று எழுதத் தொடங்கி, அது உண்மையா என்று யோசித்தேன். அவர் தூங்கியது உண்மை. நான் பத்து நிமிடம் நின்றதும் உண்மை. அவர் எழுந்து, “என்ன தங்கச்சி, டிக்கெட் பரிசோதகர் மாதிரி நிக்கிற” என்று கேட்டதும் உண்மை. “ஒண்ணுமில்லக்கா” என்றேன்.

நாளைய வேலை: சொல்ல வேண்டும். வகுப்பு 6.30. படிக்கட்டின் குறுக்குவெட்டு வரைந்து முடிக்க வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

பிழை: படிக்கட்டில் ஒரு படி குறைவாக வரைந்தேன். ஆசிரியர் பென்சிலால் தட்டிக் காட்டினார். அதுமட்டும்தான் இன்றைய பிழை என்று எழுதிவிட்டு மூடிவைத்தேன். மறுபடியும் திறந்து எழுதுகிறேன்: இன்றும் சொல்லவில்லை.

சிஸ்டர் இன்று, “எட்டு உங்க பால்லதான் தேறிட்டு வருது. நாப்பது கிராம் கூடியிருக்கு” என்றார். வெளியே வந்து மருத்துவமனைப் படியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் என்றுதான் முதலில் நினைத்தேன்.

வீட்டில் அத்தை, என் மாமியார், பாட்டில்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “போதும்மா. உடம்பு மறக்கணும். நீதான் மறக்க விட மாட்டேங்குற.” அவர் கோபமாகச் சொல்லவில்லை. என் ரவிக்கை நனைந்ததைப் பார்த்து, வேறு ஒன்றை எடுத்துக் கொடுத்துக்கொண்டேதான் சொன்னார்.

நாளைய வேலை: சொல்ல வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

பிழை என்று இனி எழுத முடியாது.

இன்று சபையில் திருவிருந்து. யாருக்காவது தீங்கு செய்திருந்தால் அவரிடம் போய்ச் சரிசெய்துவிட்டு வரும்வரை அப்பத்தைத் தொடாமல் தட்டை அடுத்தவரிடம் தருவது எங்கள் சபையின் வழக்கம். யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் எல்லாரும் பார்ப்பார்கள். வரிசை வரிசையாகத் தட்டு வந்தது. நான் வாங்கி இவரிடம் கொடுத்தேன். இவர் என்னைப் பார்த்துவிட்டு, ஒரு துண்டு எடுத்துக்கொண்டு அடுத்தவருக்குத் தந்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஆண்டவர் மேல கோபமாம்மா?”

“இல்ல அத்தை.”

“இருந்தாலும் தப்பில்ல. நானே அவர்கிட்ட மூணு வாரமா சரியாப் பேசல. கும்பிடுறேன், எழுந்து வந்துடுறேன்.”

சபையில் எல்லாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவள், பாவம் என்று. பின்வரிசை அம்மா ஒருவர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். எனக்கு உரிமையில்லாத இரக்கம் அது.

சாயங்காலம் இவர் பாட்டில் கழுவும்போது சொன்னேன். இவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். விரலிடுக்கில் கிரீஸ் கறை போவதே இல்லை. அதனால் பாட்டிலைக் கையுறை போட்டுக்கொண்டுதான் கழுவுவார். மகன் இருந்தபோது தொடங்கியது, இன்றுவரை விடவில்லை.

“அந்தக்கா கேட்டப்ப எட்டுன்னு எனக்குத் தெரியும். வாய் தவறல. தெரிஞ்சுதான் நாலுன்னேன்.”

பிரஷ் நின்றது. “ஏன்?”

அந்த ஏனுக்கு நான் சொன்ன பதிலை இங்கே சரியாக எழுத முயல்கிறேன். கிண்ணத்தின் அடியில் இருந்த ஈரத்தைப் பார்த்தேன். எட்டுத் தடவை எடுத்தால் இரண்டு வாரத்தில் அவருக்கே வந்துவிடும். வந்துவிட்டால் என்னுடையது வேண்டாம். வேண்டாமென்றால் நிற்கும். மகன் இந்த உலகத்தில் தொடங்கிவைத்த ஒரே வேலை இந்தப் பால்தான். அதுவும் நின்றால் அவன் வந்து போனதற்கு என் உடம்பில்கூட அடையாளம் இருக்காது. இவ்வளவையும் நான் அந்த நொடியில் யோசித்தேனா என்று தெரியவில்லை. ஆனால் வாய் யோசித்துவிட்டது.

இவர் பாட்டிலை ஒருமுறை அலசினார். பிறகு, “சொல்லிட்டா நின்னுடும்ல?” என்றார்.

“ஆமா.”

“நானும் இதைக் கழுவுறதை விடணும்.” பாட்டிலைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார். “போய்ச் சொல்லிடு.”

நாளைய வேலை: சொல்ல வேண்டும். பட்டறையில் அரைநாள் வேலை தொடக்கம், 9 முதல் 1.

மார்ச் 10, திங்கள்

பிழை: பிளஸ் மூன்று லென்ஸை வேறொருவர் தட்டில் வைத்தேன். முதலாளி கண்டுபிடித்துவிட்டார். “பரவால்ல, அந்தாளுக்குத் தூரத்துல வர்றவங்க கிட்டத்துலயே தெரிஞ்சிருப்பாங்க” என்றார். நான் சிரிக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னார். சிரித்தேன். பதினொரு மணிக்கு, நான் கேட்காமலே, மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கிய உள்ளறையின் சாவியை என் மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தார். காதுக்கம்பிப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து பால் எடுத்தேன். 110 மில்லி.

மூன்று மணிக்குப் பிரிவின் வெளியே காத்திருந்தேன். சிஸ்டர் கதவைத் திறந்து, “ஏழு, உள்ள வாங்க” என்றார். எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண்ணும் எழுந்தாள். மிகவும் சின்னப் பெண், கையில் துணிப்பை. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். ஏழாம் பெட்டிக்கு வேறு குழந்தை வந்திருக்கிறது. வராமல் எப்படி இருக்கும். சிஸ்டரின் முகம் மாறிவிட்டது. “நான் சும்மா கால் மரத்துப்போச்சுன்னு எழுந்தேன்” என்றேன்.

கண்டக்டர் அக்காவிடம் சொல்லத்தான் வந்திருந்தேன். ஆனால் அவர் உள்ளேயிருந்து ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். குழந்தைக்கு வயிறு உப்பிவிட்டதாம். பால் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். குழாய் வழியாகப் பச்சையாக ஏதோ வந்ததாம்.

“பயப்பட ஒண்ணுமில்லைன்னு சொல்லு தங்கச்சி. நீ பாத்திருக்கேல்ல.”

நான் பார்த்திருக்கிறேன். என் மகனுக்கும் வயிற்றில்தான் தொடங்கியது. “ஒண்ணுமில்லக்கா” என்றேன்.

டாக்டர் வந்தார். படம் எடுத்தாயிற்று, இப்போதைக்கு மோசமில்லை என்றார். பாலில் தவறில்லை, இவ்வளவு சின்னக் குடலுக்கு எதுவும் வரும் என்றார். இரண்டு நாள் கழித்து மறுபடி தொடங்கும்போது பெற்ற தாயின் பாலே கிடைத்தால் நல்லது, சூடுபடுத்தாமல் கொடுக்கலாம், அதில் எதிர்ப்புச் சக்தி அதிகம். “அம்மாவுக்கு வருதா?”

“ஒரு வேளை விடாம எடுக்கிறேன் டாக்டர். வர மாட்டேங்குது. என் உடம்பு அப்படி.”

டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் மணிக்கட்டு இன்னும் அக்காவின் கையில் இருந்தது. என் உடம்பு அப்படி என்று அவர் சொன்னபோதும் நான் வாய் திறக்கவில்லை.

நாளைய வேலை: ஒன்றே ஒன்று.

மார்ச் 11, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

பிரிவுக்குள் போகுமுன் முழங்கைவரை இரண்டு நிமிடம் கழுவ வேண்டும். அதற்கு வெளியே நீளமான ஒரு தொட்டி உண்டு, நாலு குழாய்கள். அங்கே கண்டக்டர் அக்கா கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்துக் குழாயில் நின்று, “அக்கா, ஒரு நாளைக்கு நாலு இல்ல, எட்டுத் தடவை எடுக்கணும்” என்றேன்.

அவர் குழாயை மூடினார். “எட்டா?”

“எட்டு. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை.”

“நீ நாலுன்னு சொன்ன.”

“ஆமாக்கா.”

“எனக்குப் படிப்புக் கம்மி, காது நல்லாக் கேக்கும். நாலுன்னுதான் சொன்ன. இப்ப என்ன, டைம் டேபிளை மாத்திட்டாங்களா?”

“இல்லக்கா. அப்பவே எட்டுதான். தெரிஞ்சேதான் அப்படிச் சொன்னேன்.”

காரணத்தையும் சொன்னேன். நன்றாகச் சொல்லவில்லை. நடுவில் இரண்டு முறை நிறுத்தினேன். அவர் கையிலிருந்து சோப்புத் தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. மன்னியுங்கள் என்றேனா என்று நினைவில்லை. என்றிருக்க வேண்டும்.

“ஒரு வாரம்” என்றார். “ஒரு வாரமா நான் கண்ணாடி முன்னாடி நின்னு, நீயெல்லாம் ஒரு தாயான்னு என்னையே திட்டிக்கிட்டு இருக்கேன். எங்க வீட்டுக்காரர்கிட்ட, எங்கம்மாகிட்ட, எனக்கு வராது, என் உடம்பு கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டேன்.” மூச்சு வாங்கினார். “உன் புள்ள போனதுக்கு என் புள்ள என்ன பண்ணுச்சு?”

“ஒண்ணும் பண்ணலக்கா.”

டிக்கெட் எடுக்காத ஆளிடம் சொல்வதுபோல, குரலை உயர்த்தாமல், கதவுப் பக்கம் கண்ணைக் காட்டி, “இறங்கு” என்றார்.

வந்துவிட்டேன்.

சரிசெய்தாயிற்று என்று தோன்றவில்லை. சொல்வதும் சரிசெய்வதும் ஒன்று என்று எப்படி நினைத்தேன்?

நாளைய வேலை: எழுதத் தெரியவில்லை.

மார்ச் 12, புதன்

காலையில் இவர் கொண்டுபோன பாட்டில்கள் அப்படியே திரும்பி வந்தன. எட்டாம் பெட்டிக்கு என் பால் வேண்டாம் என்று அதன் அம்மா சொல்லிவிட்டாராம். நாளை பால் தொடங்குகிறார்கள். மூன்றாம் பெட்டி அம்மா கொடுத்த பால் கொஞ்சம் இருக்கிறது, இரண்டு நாள் வரும். அதற்குப் பிறகு மாவுப்பால்தான். உப்பிய வயிற்றுக்கு அது எப்படிப் போகும் என்பது சிஸ்டருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சிஸ்டர் இவரிடம், “என்ன நடந்துச்சுன்னு நான் கேக்கல. அவங்க முடிவு” என்றாராம்.

வீட்டில் எட்டுத் தடவையும் எடுத்து உறைபெட்டியில் வைத்தேன். அத்தை வந்து பார்த்துவிட்டு ஐஸ் தட்டை எடுத்து இடம் செய்து கொடுத்தார்.

என் பால் வேண்டாம் என்பது எனக்கு நியாயம். குழந்தைக்கு நியாயமில்லை. அந்தக் குழந்தைக்கு இப்போது என்னால் ஆகக்கூடியது ஒன்றுதான், அதன் அம்மாவுக்கு வரவைப்பது. அவர் என் முகத்தைப் பார்க்காவிட்டாலும்.

வரைபடத் தாளில், கட்டிட வரைபடத்துக்கு எழுதுவதுபோல நிமிர்ந்த எழுத்தில் எழுதினேன். 5, 8, 11, 2, 5, 8, 11, 3. ஒவ்வொரு தடவையும் பக்கத்துக்குப் பதினைந்து நிமிடம். முன்னதாக வெந்நீர்த் துணி. குழந்தையின் துணியை மடியில் வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும், அந்த மணம் வேண்டும். அந்தக் கடைசி வரியை எழுதும்போது நிறுத்தினேன். மகனின் துணியை இன்னும் துவைக்கவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டுதான் நான் இன்றுவரை எடுக்கிறேன்.

தாளை சிஸ்டரிடம் கொடுத்து, அக்காவிடம் சேர்க்கச் சொன்னேன்.

நாளைய வேலை: முதலாளியிடம் லீவு கேட்க வேண்டும். மருத்துவமனை பெஞ்சில் இருக்க வேண்டும், கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும்.

மார்ச் 13, வியாழன்

பிழை: அட்டவணையில் மூன்று மணி என்று எழுதிப் பகலா இரவா என்று போடவில்லை.

எட்டு மணியிலிருந்து பெஞ்சில் இருந்தேன். எட்டுக்குக் கண்டக்டர் அக்கா பால் அறைக்குப் போனார், என்னைப் பார்க்கவில்லை. பதினொன்றுக்குப் போனார், பார்க்கவில்லை. இடையில் எனக்கும் நேரமாகி, கழிவறையில் நின்று எடுத்தேன். இரண்டு மணிக்கு என் எதிரே வந்து நின்று தாளை நீட்டினார்.

“இதுல மூணுன்னு போட்டிருக்கே, பகலா, ராத்திரியா?”

“ராத்திரி.”

“அதைத் தெளிவாப் போட வேண்டாமா? இவ்ளோ அழகா எழுதத் தெரியுது.” திரும்பினார். நாலு அடி போய் நின்றார். “என்ன பாத்துட்டு இருக்க? ரெண்டாச்சு. வா.”

பால் அறை என்பது ஒரு திரை, இரண்டு நாற்காலி, ஒரு கைகழுவும் தொட்டி, ஒரு சின்னக் குளிர்பெட்டி. துணியை நனைத்துக் கொடுத்தேன். அவர் கை எங்கே அழுத்துகிறது என்று பார்த்தேன். நுனியிலேயே அழுத்திக்கொண்டிருந்தார். பின்னால் தள்ளி வைக்க வேண்டும். அவர் விரல் மேல் என் விரலை வைத்துக் காட்டினேன். அவர் தோள் இறுகியது. கையை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். “எடுக்காத, காட்டு” என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

நாலு மில்லி.

அவர் அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். “மஞ்சளா இருக்கு.”

“அப்படித்தான் இருக்கணும்க்கா.”

“உன்கிட்டக் கேக்கல” என்றார். பிறகு, “உண்மையாத்தான் சொல்றியா?” என்று கேட்டார். இனி நான் எதைச் சொன்னாலும் அவர் இதைக் கேட்பார். கேட்கட்டும்.

நாளைய வேலை: 8, 11, 2, 5.

மார்ச் 15, சனி

பிழை: ஐந்து மணிக்குப் போக ஏழு நிமிடம் தாமதம்.

நேற்று நாலு, நாலு, ஆறு, ஆறு. இன்று ஆறு, ஆறு, ஐந்து, ஐந்து. குழந்தைக்கு இப்போது ஒரு வேளைக்கு இருபது வேண்டும். மூன்றாம் பெட்டிப் பால் நேற்றோடு தீர்ந்தது. நேற்று மாலை கண்டக்டர் அக்கா சிஸ்டரிடம், “அவளோடதையே குடுங்க. புள்ள பசிக்கிறப்ப நான் கோபத்தைக் காட்டி என்ன பண்றது” என்றார். நான் கேட்கும் தூரத்தில் இருக்கும்போதே சொன்னார்.

இன்று இரண்டு மணிக்கு ஆறிலிருந்து ஐந்தாகக் குறைந்ததைப் பார்த்ததும் கிண்ணத்தைத் தொட்டி மேல் வைத்துவிட்டார்.

“விட்டுடலாம்.”

“இன்னும் நாலு நாள் பாருங்கக்கா.”

“தூக்கமில்ல. தையல் போட்ட இடம் வலிக்குது. ராத்திரி மூணு மணிக்கு எழுந்து உக்காந்தா அஞ்சு சொட்டு. எதுக்கு? உனக்கு ஆறு மாசம் வரும்போல இருக்கு. நீயே குடு. நான் பழசை விட்டுடுறேன். சத்தியமாச் சொல்றேன், யார்கிட்டயும் இதைப் பத்திப் பேச மாட்டேன். உனக்கும் வேணும், எனக்கும் வேணும்.”

நான் எதற்காகப் பொய் சொன்னேனோ அது என் முன்னால் வந்து நின்றது. இந்த முறை பொய்யும் தேவையில்லை. அவரே தருகிறார். சரி என்று ஒரு வார்த்தை போதும். குழந்தையும் வளரும், யாருக்கும் நஷ்டமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நான் அப்படியே சொல்லிக்கொண்டேன். இதை எழுதாமல் விட்டால் நோட்டு எதற்கு? அரை நிமிடம், முழுதாக, எனக்கு அது வேண்டும் என்று இருந்தது. மனதுக்குள் ஜெபிக்கப் பார்த்தேன். வார்த்தை வரவில்லை. ஆண்டவரே என்பதோடு நின்றுபோனது.

“டாக்டர் சொன்னதை நீங்களும் கேட்டீங்க. உங்களோடதுதான் அவளுக்கு நல்லது” என்றேன். “நான் குடுக்கிறேன், உங்களுக்கு வர்ற வரைக்கும். வலது பக்கம் இன்னும் அஞ்சு நிமிஷம் பாக்கி இருக்கு.”

“உனக்குப் பைத்தியம்” என்றார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். பிறகு தன் மார்பைப் பார்த்து, அலுத்த குரலில், “இறங்குறவங்க இறங்குங்கப்பா, வண்டி கிளம்பணும்” என்றார். திரைக்கு வெளியே யாரோ சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கினேன். சிரிக்கும் உரிமை இன்னும் வரவில்லை என்று நினைத்தேன்.

நாளைய வேலை: 8, 11, 2, 5. நடுவில் சபை.

மார்ச் 18, செவ்வாய்

பிழை: இன்று தேடியும் கிடைக்கவில்லை. கவனக்குறைவாகத்தான் இருக்க வேண்டும்.

ஞாயிறு ஒன்பது. நேற்றுக் காலை பதினொன்று, மாலை பதினாறு. இன்று இரண்டு மணிக்கு இருபத்தெட்டு. கண்டக்டர் அக்கா எண்ணைச் சொல்லவில்லை. கிண்ணத்தை என் கையில் கொடுத்தார், நானே கோட்டைப் பார்த்துப் படிக்கட்டும் என்று. படித்தேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் லேபிளில் தேதியும் நேரமும் எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது.

என் பாட்டில்களில் இன்று மூன்று மிஞ்சிவிட்டன.

நாளைய வேலை: பட்டறை 9 முதல் 1. பிறகு 2, 5.

மார்ச் 20, வியாழன்

பிழை: மருத்துவமனையிலிருந்து நேரே வகுப்புக்குப் போய், பாட்டில் பையைப் பேருந்திலேயே விட்டுவிட்டேன். இவர் பணிமனைவரை போய் வாங்கி வந்தார்.

பை காலியாகத்தான் இருந்தது. சிஸ்டர் மதியம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நாளையிலேர்ந்து எட்டுக்கு அவங்க அம்மாவோடதே போதும். வேற கேக்குற குழந்தை இப்ப இல்ல. குளிர்பெட்டியிலயும் இடமில்ல” என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒரேயடியா நிறுத்தாதீங்க, கட்டிக்கும். ரெண்டு நாளைக்கு ஒண்ணாக் குறைங்க. எட்டு, ஏழு, ஆறு, அப்படி.”

கணக்குப் போட்டேன். நாளை தொடங்கினால் ஏப்ரல் நாலாம் தேதியோடு ஒன்றுமில்லாமல் ஆகும்.

சாப்பாட்டு மேசையில் இவரிடமும் அத்தையிடமும் சொன்னேன். அத்தை எழுந்து உள்ளே போனார். போதும் என்று சொன்னவர் அவர்தான். நான் போனபோது அலமாரி முன்னால் நின்று, மகனின் துணியைக் கையில் வைத்திருந்தார். “இதைத் துவைக்கட்டுமா, வேண்டாமா? நீ சொல்லு” என்றார். எனக்குத் தெரியவில்லை என்றேன். மடித்தபடியே வைத்துவிட்டார். நாங்கள் இருவரும் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இவர் வந்து, கதவின் கீல் தளர்ந்திருக்கிறது என்று திருப்புளியை எடுத்து வந்து முடுக்கினார். முடுக்கும்போது தோள் குலுங்கியது.

நல்லதைச் செய்தால் மனம் லேசாகும் என்று நினைத்திருந்தேன். லேசாகவில்லை. மகனை இரண்டாவது தடவை அடக்கம் செய்வதுபோல இருக்கிறது, இந்த முறை நானே தேதி குறித்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக. ஆனால் அந்தக் குழந்தை ஆயிரத்து நானூற்றைம்பது கிராம். இரண்டும் ஒரே நாளின் செய்தி. ஒன்று மற்றதைக் குறைக்கவில்லை.

மாலை வகுப்புக்குக் கிளம்பும் முன் கண்டக்டர் அக்கா மருத்துவமனை வாசலில் நிறுத்தியிருந்தார். நாளை குழந்தையை முதல் தடவையாக மார்பில் போடப்போகிறார்களாம். குடிக்காது, வாய் பழகட்டும் என்று. குழாய்களோடு தூக்கும்போது தலையைத் தாங்க இன்னொரு கை வேண்டும். சிஸ்டருக்கு நேரமிருக்காது.

“உன்னை மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காத” என்றார். “இன்னும் இல்ல. ராத்திரி மூணு மணிக்கு எழுந்தா முதல்ல உன்னைத்தான் திட்டுறேன். ஆனா எங்கம்மாவுக்குக் கை நடுங்குது, எங்க வீட்டுக்காரர் பார்த்தாலே மயக்கம் போட்டுடுவாரு. நீதான் நடுங்காமப் பிடிப்ப.”

“வர்றேன்க்கா.”

“உனக்கு முடியுமா? அதைச் சொல்லு. பொய் சொல்லாத.”

“முடியுமான்னு தெரியல. வர்றேன்.”

நாளைய வேலை: காலை ஐந்து மணிக்கு எடுப்பதை நிறுத்த வேண்டும். நகம் வெட்டிக்கொள்ள வேண்டும். பட்டறையில் பத்தரைக்கு அனுமதி கேட்டுப் பதினொரு மணிக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும், குழந்தையின் தலையைப் பிடிக்க.